கை மீண்டும் தொழில் கற்றல்

களனியாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில், ஹெந்தளையில், தொழுநோயாளரை ஊரினின்றும் ஒதுக்கிவைத்தற்பொருட்டு ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டில் ஒரு மனை அமைத்தனர். வளைந்த விரல்கள் இனி நிமிரா என்பதே நெடுங்காலம் உலகோர் கொண்ட எண்ணம். அது பிழையான வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குவது. முழங்கையின் உட்புறத்தே செல்லும் நரம்பு கெடின், சிறுவிரலும் அதனை அடுத்த விரலும் பருந்தின் உகிர்போல் வளையும், உணர்ச்சியும் மறையும். வெட்டுண்டு தைக்கப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வளரும். தொழுநோயால் நெடுங்காலம் அழிந்த நரம்போ பெரும்பாலும் மீள்வதில்லை.

கொல்லிமலையில் 1914 இல் பிறந்த வைத்தியர் போல் பிராண்ட், 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்து, இதற்கொரு வழி கண்டார். வலிமை குன்றாத தசையொன்றன் நாணை இடம் மாற்றிச் செயலற்ற விரல்களொடு பிணைத்தார். ஆயினும் கத்தியின் வேலை பாதியே. முன்பு ஒரு வினை செய்த தசை இப்பொழுது வேறொரு வினை செய்யவேண்டும். அதனை மூளை புதிதாய்க் கற்கவேண்டும். இங்கே இயன்மருத்துவர் ஆசிரியராகின்றார்.

கற்பிக்கும் முறை யாது? இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாவினை என இரண்டுண்டு. ‘கை அசைகின்றது’ என்பது முன்னையது. ‘கை கோப்பையை எடுக்கின்றது’ என்பது பின்னையது. பயிற்சி அசைவில் தொடங்கினும் அதனோடு நின்றுவிடலாகாது. பொத்தான் பூட்டல், சோறு பிசைதல், பேனை பிடித்தல் என நோயாளிக்கு வேண்டிய தொழில் எதுவோ அதுவே பாடம். அதனைச் சிறு படிகளாகப் பகுத்து, எளியது முன்னும் அரியது பின்னுமாகப் பன்முறை செய்வித்தல் முறை. பெருங்கட்டையைப் பற்றியவன் பின்னர்ச் சிறுகட்டையைப் பற்றுவான். நாளடைவில் ஊசியையும் எடுப்பான். உணர்ச்சியற்ற கை சுடுகலத்தை அறியாது. ஆகலின் கண்ணைக் கைக்குக் காவலாக்கலும் பாடத்துள் அடங்கும்.

கை திருந்தியோர் சிலர், தொழிலும் அறியாது, இரப்பார்க்கு இரங்குவாரையும் இழந்து வருந்தினர். இளமையில் தச்சுத்தொழில் பயின்றவராகிய பிராண்ட், அன்னோர்க்கெனப் புதுவாழ்வு நிலையம் அமைத்து, மரத்தால் விளையாட்டுப்பொருள் செய்யக் கற்பித்தார். 1954 ஆம் ஆண்டு விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த வைத்தியர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அத்தகைய கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்.

எழுத்துக் கோணிய மாணாக்கனைக் ‘கவனமற்றவன்’ எனக் கடிந்த நாட்கள் எனக்கும் உண்டு. யான் வைத்த முதற்படி அவனுக்கு எட்டாததாய் இருந்திருக்கலாம் என்பதை இன்று உணர்கின்றேன். கை கற்கும், படியைத் தாழ்த்தி வைத்துப் பொறுத்திருத்தலே கற்பிப்பார் கடன்.