ஒற்றை ஸ்டீரியோ மைக்கில் இசைப்பதிவு: வீடு, மேடை, பொன்முடி

ஸ்டீரியோ கண்டென்சர் மைக் என்பது ஒரே உடலில் இரண்டு ஒலிவாங்கித் தலைகளைக் கொண்டது. ஒவ்வொரு தலையிலும் மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் பின்னே மின்னேற்றம் கொண்ட தகடு ஒன்றும் இருக்கும். ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறுகிறது. அந்த மாற்றமே மின்குறியாகிறது. இதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் பேண்டம் பவர் வேண்டும். சில வகைகள் பேட்டரியிலும் இயங்கும்.

இரு தலைகளும் ஒரே புள்ளியில், 90 பாகைக் கோணத்தில் அமைவது எக்ஸ்-ஒய் முறை. ரோடு என்டி4 இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டு தனி மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகைக்கு விரித்து வைப்பது ஓஆர்டிஎஃப் முறை. இதில் இசை அகலமாக விரியும். எக்ஸ்-ஒய் பதிவில் அகலம் குறைவு. ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டாலும் ஒலி கெடாது.

ஒற்றை ஸ்டீரியோ மைக்கில் பதிவானதைப் பிறகு குரல் தனி, வயலின் தனி எனப் பிரித்துச் சீராக்க முடியாது. பல மைக் பதிவில் மிக்ஸர் பலகை செய்யும் வேலையை இங்கே மைக்கை வைக்கும் இடமே செய்கிறது. ஆகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டை நகர்த்தி நகர்த்திக் கேட்பதில் செலவிடும் அரைமணி நேரம் வீண்போகாது.

வீட்டில் முதல் எதிரி மின்விசிறி, இரண்டாவது ஃபிரிட்ஜ். காதுக்குப் பழகிப்போன இவற்றின் இரைச்சல் கண்டென்சர் மைக்குக்குத் தெளிவாகக் கேட்கும். மொசைக் தரையில் ஜமுக்காளம் விரித்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்தால் எதிரொலி அடங்கும். பாடுபவரிடமிருந்து ஒரு மீட்டரில் தொடங்கலாம். தம்பூரா குரலை மூடினால் அதன் ஒலியைக் குறைப்பதைவிட, அதைப் பாடகருக்குப் பின்னால் தள்ளி வைப்பது நல்லது.

கச்சேரி மேடையில் இருக்கை முறையே ஸ்டீரியோவின் வரைபடம். வலக்கை மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் அமர்வது வழக்கம். அப்போதுதான் வலந்தலை அவையை நோக்கும். கேட்பவருக்கு மிருதங்கம் இடப்புறமும் வயலின் வலப்புறமும் ஒலிக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போன்ற இடக்கை வித்வான் அமர்ந்தால் இந்த வரைபடம் திரும்பிவிடும். வலந்தலை நேராக மைக்கைப் பார்ப்பதால் மிருதங்கம் மேலோங்குவது இயல்பு. மைக்கை வயலின் பக்கம் ஒரு முழம் நகர்த்தி, முகப்பைப் பாடகரை நோக்கித் திருப்பினால் சமநிலை கிடைக்கும். மேடை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்பது நல்லது. அதற்கு அப்பால் அரங்க ஸ்பீக்கரே பதிவை ஆளும்.

ஒலி அளவைப் பாட்டை வைத்து அமைக்கக் கூடாது. தனி ஆவர்த்தனத்தின் கோர்வையும், அதைத் தொடரும் கைதட்டலுமே உச்சம். 24 பிட் பதிவில் சாதாரண உச்சங்கள் மைனஸ் 12 டெசிபலுக்குக் கீழே நின்றால் போதும். கைதட்டல் கூடாதென்ற மரபுள்ள திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபம் போன்ற இடங்களில், கடைசி ஸ்வரம் அடங்கி ஓயும் வரை பதிவில் முழுமையாகக் கிடைக்கும். எங்கும் முன் அனுமதி பெறுவது முதல் வேலை.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது பொன்முடி மலை. இங்கே திறந்தவெளியில் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை காற்றும் மூடுபனியும். இந்த மலைப்பகுதியில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரின் கொக்கரை, இரும்புக் கம்பியால் உரசி ஒலிக்கும் பல்வெட்டுள்ள இரும்புக் கருவி. அதன் கூர்மையான ஒலி மைக்குக்கு நேரே வந்தால் குரல் பின்வாங்கிவிடும். குரலை நடுவில் வைத்து, கொக்கரையைச் சற்று ஓரத்தில், கூடுதல் தூரத்தில் அமர்த்த வேண்டும். காற்றுக்கு ஸ்பாஞ்சு உறை போதாது, ரோம உறை தேவை. கொக்கரையும் குரலும் மட்டுமே உள்ள பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் காற்றின் உறுமல் குறையும், இசைக்கு இழப்பில்லை. மிருதங்கத்தில் இதைச் செய்தால் அதன் இடந்தலையான தொப்பியின் கனம் மெலியக்கூடும்.

ஈரம் சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே மின்கசிவை உண்டாக்கும். 'சடசட' என்ற ஒலியே அதன் அடையாளம். கேட்டவுடன் மைக்கை அணைத்து உலரவிட வேண்டும். மலையில் குளிர்ந்த மைக்கை, அடிவாரத்திலுள்ள கல்லாறு தாண்டிக் கீழே இறங்கியதும் திறந்தால், வெப்பமான ஈரக்காற்று அதன்மேல் துளியாகப் படியும். பெட்டியை மூடியே வைத்து, கீழ்நாட்டு வெப்பத்துக்கு அது வந்தபின் திறப்பதே முறை. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.