அபிப்பிராயத்துக்கும் ஐந்தொகை உண்டு

நாட்டு நடப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர் நம் ஜில்லாவில் இல்லை. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறியை விட்டு எழுந்து வந்து தேநீர் அருந்துவோரும், கமுதியிலும் முதுகுளத்தூரிலும் மிளகாய் மூட்டையை இறக்கிவிட்டு விலைக்குக் காத்திருப்போரும், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் படகு கரைசேரக் காத்திருப்போரும், டில்லியில் நடப்பதையும் சென்னையில் நடப்பதையும் நாள்தோறும் நிறுத்துப் பார்க்கின்றனர். இது குறை கூறத்தக்கதன்று. வாக்குரிமை பெற்ற மக்கள் வாய் மூடியிருந்தால் ஜனநாயகம் ஏட்டளவில்தான் நிற்கும். ஆயினும், எந்தத் தராசில் நிறுக்கின்றோம் என்பதைப் பொறுத்தே அபிப்பிராயத்தின் மதிப்பு அமைகிறது.

கூட்டுறவாளரிடம் அத்தகைய தராசு ஒன்று உண்டு. அதுவே சங்கத்தின் கணக்கு. சங்கத்தில் ஒரு செலவு வந்தால் மூன்று கேள்விகள் கேட்கின்றோம். முதலாவது, இது பல்லாண்டு பயன்தரும் மூலதனச் செலவா, அன்றாட நடப்புச் செலவா? இரண்டாவது, பணம் யாரிடமிருந்து வருகிறது, பலன் யாருக்குப் போகிறது? மூன்றாவது, இதைச் சோதித்துப் பார்ப்பவர் யார்? இதே மூன்று கேள்விகளை நாட்டின் செலவுகளைக் குறித்தும் கேட்கப் பழகிக்கொண்டால், நம் பேச்சு வெறும் வாதமாக முடியாது, பயனுள்ள அறிவாகும். அதற்கான பயிற்சியே இப்பாடம்.

இங்கு எந்தக் கட்சியின் பக்கமும் பேசப்படவில்லை. அரசியலிலும் மதத்திலும் நடுநிலை என்பது 1937ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவுக் கழகம் வகுத்த கொள்கைகளுள் ஒன்று. நடுநிலை என்றால் சிந்தியாமை என்று பொருளன்று; கட்சியைப் பார்க்குமுன் கணக்கைப் பார்த்தல் என்பதே பொருள்.

பாம்பன் பாலம்

நம் கண்ணெதிரே நிற்கும் செலவிலிருந்து தொடங்குவோம். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சுமார் 2.08 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாலத்தில், கப்பல் செல்வதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலெழுகிறது. செலவு 550 கோடி ரூபாய்க்கு மேல். "நெசவாளிக்கு நூல் வாங்க வழியில்லை, பாலத்துக்கு 550 கோடியா?" என்பது ஓர் அபிப்பிராயம். "இது தேசத்தின் பெருமை, கேள்வி கேட்பதே தவறு" என்பது மற்றோர் அபிப்பிராயம். இரண்டும் கணக்கைத் தொடவில்லை.

பழைய பாலம் 1914இல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இப்பாலத்தையும் சிதைத்தது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது செப்பனிடப்பட்டது. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரையில், தீவையும் தரையையும் இணைத்த ஒரே பாதை அந்த ரயில் பாலமே. நூறாண்டுக்கு மேல் உழைத்த அதில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன்பின் இரண்டேகால் ஆண்டுக் காலம் இராமேசுவரத்துக்கு ரயிலே வரவில்லை. யாத்திரிகர் குறைந்தால் கடைவீதியில் என்னவாகும் என்பதை அங்கே சங்கும் பாசியும் சேலையும் விற்பவர் அறிவார்.

ஆகவே முதல் கேள்விக்கு விடை தெளிவு. இது மூலதனச் செலவு. நூறாண்டு நிற்குமானால், வட்டியையும் பராமரிப்பையும் தவிர்த்து, ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி ரூபாய். நெசவாளியின் நூல் நடப்புச் செலவு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது, தறி வாங்கிய கணக்கையும் பாவு வாங்கிய கணக்கையும் ஒரே பத்தியில் எழுதுவதை ஒக்கும். இரண்டும் வேண்டும், இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி இன்னும் முக்கியமானது. பாலம் திறக்குமுன், 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தம் அறிக்கையில் பல குறைகளைச் சுட்டினார். ரயில்கள் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்திலும், மேலெழும் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லலாம் என்று வரம்பும் விதித்தார். அவரைப் பாலத்துக்குப் பகைவர் என்று சொல்ல முடியுமா? தணிக்கைக் குறிப்பு எழுதுபவர் சங்கத்துக்குப் பகைவரல்லர். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் இக்கடற்கரையில், குறை சொல்பவரே பாலத்தின் ஆயுளை நீட்டுபவர்.

கடலுக்குள் போன பணம்

கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு எடுத்துக்காட்டு சேது சமுத்திரத் திட்டம். 1860இல் கமாண்டர் டெய்லர் முன்மொழிந்த யோசனை இது. கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் பாக் நீரிணை வழியாகச் செல்ல, 167 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் ஆழப்படுத்தும் பணி, 2,427 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. 2007இல் இராமர் சேதுப் பகுதியைச் சேதப்படுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதற்குள் பல நூறு கோடி ரூபாய் செலவாகியிருந்தது. மாற்றுப் பாதையை ஆராய ஆர்.கே. பச்சௌரி தலைமையில் அமைந்த குழு, அதுவும் பொருளாதார நோக்கிலும் சுற்றுச்சூழல் நோக்கிலும் ஏற்றதன்று என்றது. 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றமோ திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் செய்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யட்டும். நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. எத்தனை கப்பல்கள் வரும், என்ன கட்டணம் தரும், கடலடி மணல் திரும்பத் திரும்ப வந்து நிரம்பினால் ஆண்டுதோறும் தூர் எடுக்க என்ன செலவாகும், மீனவரின் வலை எங்கே போகும் என்னும் கேள்விகள் தெருமுனைப் பேச்சில் மிகக் குறைவாகவே எழுந்தன. செலவுக்கு முன் கேட்கும் கேள்விக்கு விலை குறைவு. செலவுக்குப் பின் கேட்கும் கேள்விக்கு விலை அதிகம்.

"எங்கள் வரிப்பணம்"

பிறருக்குப் போகும் உதவியை "எங்கள் வரிப்பணம்" என்று கடிந்து பேசுவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. கைத்தறியாளர் இச்சொல்லைச் சற்று யோசித்தே ஆள வேண்டும். 1953இல் நிறைவேறிய மத்தியச் சட்டம் ஒன்று ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்படி வீதம் கூடுதல் தீர்வை விதித்து, அதனைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்கு ஒதுக்கியது. ஆலைத் துணி வாங்கிய ஒவ்வொருவரும் கைத்தறி வாழப் பங்கு கொடுத்தனர் என்பதே இதன் பொருள். பண்டிகைத் தள்ளுபடியும், 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும் பொதுப் பணமே. அத்திட்டத்தில் பெறுபவருக்குத் துணி, நெய்பவருக்கு வேலை. ஒரே செலவு இரண்டு பத்திகளில் வரவாகிறது. ஆகவே உதவியை அளக்கும்போது "யாருக்கு?" என்று மட்டும் கேளாமல், "யார் கை வழியாக?" என்றும் கேட்க வேண்டும்.

அங்காடிக்கு வந்த கருவிகள்

இனிக் கடைக்கு வருவோம். 1844இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 தொழிலாளர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். கலப்படமற்ற மாவும் குறையாத எடையும் அவர்களுடைய நோக்கங்கள். தமிழகத்தில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வழியில் வந்ததே. எனவே சரியான எடையைக் காட்டும் எந்தக் கருவியும் கூட்டுறவுக்கு அந்நியமன்று.

நம் மாநிலத்தில் நியாய விலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2017இல் மின்னணுக் குடும்ப அட்டையும், 2020இல் கைரேகை முறையும் வந்தன. அண்மையில் தராசையும் ரசீதுக் கருவியையும் இணைத்துள்ளனர்; சரியான எடை தராசில் ஏறினாலன்றி ரசீது வராது. "மிஷின் வந்தது, கால்கடுக்க நிற்கிறோம்" என்று வரிசையில் நிற்போர் சொல்கின்றனர். "கிடங்கிலிருந்து எங்களுக்கு வரும் மூட்டையையும் இவ்வாறே நிறுத்துத் தாருங்கள்" என்று விற்பனையாளர் சொல்கின்றனர். இரண்டும் நியாயமே. தராசு கடையில் மட்டும் நேர்மையாக இருந்து, கிடங்கில் இல்லாவிட்டால், குறைவெடை மறையாது, இடம் மாறும்.

நூலிலும் சாயத்திலும் மிளகாய்க் காட்டிலும் உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி அறியாமற் போவதுண்டு. அதற்காகவே கருவிழிப் பதிவும், முதியவர் தமக்காக வேறொருவரை நியமித்துப் பொருள் பெறும் முறையும் வந்தன. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தின்கீழ் முதியோர், மாற்றுத் திறனாளிகள் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டு செல்லும் பணியும் தொடங்கியது. கைரேகை விழவில்லை என்பதற்காக ஒரு கிழவி அரிசியின்றித் திரும்பினால், குற்றம் கருவியினுடையதன்று. மாற்று வழியை அவளுக்குச் சொல்லாத நம்முடையது.

2016இல் வந்த யு.பி.ஐ. முறையை "இலவசம்" என்கின்றோம். 2020 ஜனவரி முதல் அதற்கு வணிகரிடம் கட்டணம் வாங்கலாகாது என விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் வங்கிக்கு அதனால் செலவு உண்டு. 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. சிறு வணிகரிடம் செலுத்தப்படும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு 0.15 விழுக்காடு எனக் கணக்கு. அதன்படி அவ்வாண்டில் சிறு கடையில் ஆயிரம் ரூபாய்ச் சேலை விற்றபோது ஒன்றரை ரூபாய் பொதுப் பணத்திலிருந்து போயிற்று. இது தவறான செலவு என்று சொல்லவில்லை. இலவசம் என்று ஒன்று இல்லை என்றே சொல்கிறோம்.

சங்க விற்பனை நிலையத்தில் இன்னும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மேசையில் உள்ள க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்தால் சங்கத்தின் பெயரே தோன்ற வேண்டும். தனி மனிதர் பெயர் தோன்றலாகாது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது எண் இருக்க வேண்டும். மாலையில் வங்கிக் கணக்கையும் அன்றாடச் சிட்டாவையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பணம் காகிதமாக இருந்தபோது பெட்டியை எண்ணினோம். ஒலியாக வரும்போது ஏட்டை எண்ண வேண்டும்.

நம் கையில் உள்ள வாக்கு

550 கோடியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் அங்கத்தினர், தம் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுவதில்லை. ஆண்டறிக்கை வாசிக்கப்படுகிறது, ஐந்தொகை வாசிக்கப்படுகிறது, "நிறைவேறியது" என்ற குரல் எழுகிறது, கையொப்பம் இட்டுக் கலைகின்றனர். பல சங்கங்களில் காணும் காட்சி இது. டில்லியில் நம் வாக்கு பல கோடியில் ஒன்று. சங்கத்தில் அது சில நூற்றில் ஒன்று. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. நம் அபிப்பிராயம் அன்றே தீர்மானமாக மாறக்கூடிய இடம் இதுவே.

2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "குறியீடு வந்தும் விலை வரவில்லையே" என்று வருந்துவோர், தரம் பிரிக்கவும், நன்கு உலர்த்தவும், சேர்ந்து விற்கவும் தம் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். குறியீட்டை அரசாங்கம் தரும். அதை விலையாக்குவது உறுப்பினர் கையில் உள்ளது. சங்கக் கணக்கைக் கேள்வி கேட்டுப் பழகியவர் நாட்டுக் கணக்கையும் சரியாகக் கேட்பார். சொந்த ஐந்தொகையைப் படியாதவர் பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்.

ஆய்வு வட்டத்தில் விவாதிக்க:

1. சென்ற ஆண்டு நம் சங்கம் செய்த செலவுகளுள் மூலதனச் செலவு எது, நடப்புச் செலவு எது?

2. கடைசித் தணிக்கையில் எழுந்த குறைகள் யாவை? அவற்றுள் எத்தனை நிவர்த்தியாயின?

3. நம் ஊர் நியாய விலைக் கடையில் கைரேகை விழாதவர்கள் யார் யார்? மாற்று வழியை அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பை யார் ஏற்பது?

4. நம் விற்பனை நிலையத்தின் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்தால் யார் பெயர் தோன்றுகிறது?