கண்ணாடிக்கு அடியில் தாழி, கையில் போன்

பிள்ளைகளோடு திருநெல்வேலிக்கு வருகிறீர்களா? காலையிலேயே ஆதிச்சநல்லூருக்குக் கிளம்பிவிடுங்கள். பொருநை அருங்காட்சியகத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆதிச்சநல்லூர் பொட்டல்வெளி, பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். அங்கே அகழாய்வில் தோண்டிய குழியை மூடாமல், மேலே கண்ணாடி பதித்து 2023 ஆகஸ்டில் பார்வைக்குத் திறந்தார்கள். நிற்கிற காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள்! சின்னவர்கள் முதலில் கால் வைக்கத் தயங்குவார்கள். பிறகு கிளம்ப மறுப்பார்கள்.

ஆனால் இந்த மண்ணின் பழைய புதையல் இங்கே இல்லை. 1876இல் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. குழி ஓரிடம், பொருள் வேறிடம். கண்முன் இல்லாததைப் போன் திரையில் அதனதன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ வித்தைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகம் 2016இல் இதைச் செய்தது: பிரிட்டிஷ் அதிகாரி ஃபர்க்கார் சேகரித்த பழைய ஓவியங்களிலிருந்த விலங்குகள் சுவரெங்கும் நடமாட, பிள்ளைகள் போனை நீட்டி அவற்றைப் ‘பிடித்தார்கள்’.

உங்களுக்குச் செயலிகூட வேண்டாம். இரண்டு போன் போதும். முந்தின இரவே லாட்ஜில் உட்கார்ந்து நெற்றிப்பட்டம், வெண்கலச் சேவல், எருமை ஆகியவற்றின் படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தளத்தில் பிள்ளை ஒரு தாழியைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் அதற்கு நேர்மேலே படத்தைக் காட்ட, மற்றவர் தாழியும் படமும் ஒரே சட்டத்தில் விழும்படி எடுக்கட்டும். பிறகு கதை: இது யாருடைய தாழி, சேவலைச் செய்தது யார், பட்டத்தைக் கட்டிவிட்டது யார்? கதை எங்கு வேண்டுமானாலும் போகலாம், படம் மட்டும் இந்த மண்ணில் கிடைத்ததாக இருக்க வேண்டும். டைனோசர் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். தாழியை மட்டும் எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். படம் எடுப்பவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தால் பிரதிபலிப்பு குறையும்.

திரும்பும்போது தாமிரபரணி ஆற்றைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம் பெருமாளையும் சேவிக்க வேண்டுமென்றால், மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

மதியம் ரெட்டியார்பட்டி. 2025 டிசம்பரில் திறந்த பொருநை அருங்காட்சியகம் இங்கேதான், நான்குவழிச் சாலையை ஒட்டி. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டி அகழாய்வுகளில் கிடைத்த அசல் பொருள்கள் எதிரிலேயே இருப்பதால், இங்கே போனைப் பைக்குள் போடச் சொல்வேன். துலுக்கர்பட்டிப் பானை ஓட்டில் தமிழி எழுத்துப் பொறிப்பாகக் கிடைத்த ‘புலி’யை வைத்தே ஒரு கதை கட்டலாம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்திருக்கிறார்கள். அந்த நெல்லைப் போட்டது பாட்டியா பேத்தியா என்று கேட்டுப் பாருங்கள், நெல்லை திரும்பும்வரை சண்டை ஓயாது. வார விடுமுறை எந்தக் கிழமை என்பதை மட்டும் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.