காலடித்தடமும் கள்ளாமையும்

பதஞ்சலி முனிவர் வகுத்த ஐந்து யமங்களுள் மூன்றாவது அஸ்தேயம். தமிழில் இதனைக் கள்ளாமை என்பர். பிறர் பொருளைக் கவராதிருத்தல் என்பது இதன் வெளிப்படையான பொருள். அந்த அளவில் நின்றுவிடும் சாதகன், இந்த யமத்தை எளிதில் கடந்துவிட்டதாக எண்ணக்கூடும். 1930-ஆம் ஆண்டு எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு வாரந்தோறும் கடிதம் எழுதிய காந்தியடிகள், இதன் நுட்பமான பொருளை எடுத்துக்காட்டினார். உண்மையான தேவை இல்லாத ஒன்றை உடையவரின் இசைவுடன் பெற்றாலும் அது களவே என்பது அவர் கருத்து.

அப்படியாயின், தான் எடுத்துக்கொள்வது தன் பங்குதானா என்பதை இல்லறத்தான் எவ்வாறு அறிவது? இதற்கு இக்கால அறிவியல் ஓர் அளவுகோலைத் தந்துள்ளது.

அளவுகோல்

1990-களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் ‘சூழலியல் காலடித்தடம்’ என்னும் கணக்கீட்டை உருவாக்கினர். ஒருவருக்கான உணவு விளையும் வயல், கால்நடை மேயும் நிலம், மீன் கிடைக்கும் நீர்ப்பரப்பு, மரம் தரும் காடு, வீடும் சாலையும் அமைந்த இடம், அவர் எரிக்கும் எரிபொருளின் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவையான காடு ஆகிய ஆறையும் கூட்டி, அது ஒரே நிலப்பரப்பாகக் காட்டுகிறது. இதன் அலகு ‘உலக ஹெக்டேர்’.

பூமியின் விளைதிறனை மக்கள் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 1.5 உலக ஹெக்டேர். மனிதர் சராசரியாகப் பயன்படுத்துவதோ சுமார் 2.6. அந்தந்த ஆண்டின் விளைவு அந்த ஆண்டுக்கே போதவில்லை. 2024-இல் ஆகஸ்ட் 1-ஆம் தேதியே அவ்வாண்டின் பங்கு தீர்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. அதன்பின் செலவிட்டது, பிறக்கவிருக்கும் தலைமுறையின் முதல்.

இந்தியரின் சராசரி 1 உலக ஹெக்டேரை ஒட்டியே உள்ளது. இதைக் கேட்டு ஒருவர் நிம்மதி அடைவாராயின், ஆத்ம சோதனை அங்கேயே நின்றுவிடும். கோடிக்கணக்கான எளியோரின் மிகச் சிறிய தடமே இந்தச் சராசரியைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. காரும் குளிர்சாதனமும் உள்ள இல்லம், அந்த எளியோரின் எளிமையைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாகாது.

வீட்டுக் கணக்கு

உலகளவில் காலடித்தடத்தின் ஏறத்தாழ 60 விழுக்காடு கரியமில வாயுவால் வருவது. வீட்டில் எரிபொருளாலும் மின்சாரத்தாலும் வரும் பகுதியை அளக்க ரசீதுகளே போதும். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 0.7 கிலோ, 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டருக்குச் சுமார் 42 கிலோ, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நால்வர் கொண்ட குடும்பம் ஒரு மாதத்தில் 200 யூனிட் மின்சாரம், 1 சிலிண்டர், 20 லிட்டர் பெட்ரோல் பயன்படுத்துவதாகக் கொண்டால், முறையே 140, 42, 46 என மொத்தம் 228 கிலோ. ஒருவருக்கு 57 கிலோ.

குறைக்கும் வழி

கணக்கு எழுதப்பட்டதும் எங்கே குறைக்கலாம் என்பது தானே புலப்படும். 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் மாதம் 27 யூனிட் ஆகும். 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 10 யூனிட் போதும். குளிர்சாதனத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும்.

உணவிலும் இதே கவனம் வேண்டும். ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் சுமார் 2,500 லிட்டர் நீர் உள்ளது. 50 கிராம் அரிசியின் சோற்றை இலையில் விட்டு எழுபவர், 125 லிட்டர் நீரையும் ஓர் உழவரின் உழைப்பையும் விட்டு எழுகிறார்.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே தேவை. மிச்சமான பணம் வேறு நுகர்பொருளாக மாறினால் தடம் குறைவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது. ஆகவே கள்ளாமைக்கு அபரிக்கிரகம் துணை நிற்க வேண்டும். மேலும், யமங்களுள் முதலாவது அஹிம்சை. முதியோரின் அறையில் விசிறியை நிறுத்திச் சிக்கனம் காட்டுவதும், அண்டை வீட்டாரின் தடத்தை அளந்து குறைகூறுவதும் சாதனை ஆகா.

பெற்றதற்கு ஈடாக எதையும் அளிக்காமல் துய்ப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் கள்வனாகவே கருதுகிறது. குறைத்தல் இந்த யமத்தின் பாதி. சமையலறைக் கழிவை உரமாக்கி மண்ணுக்குத் தருவது போன்ற திருப்பியளித்தல் மறுபாதி.

இம்மாதப் பயிற்சி

1. மாதத்தின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் மின்மீட்டர் அளவைக் குறித்துக்கொள்க.

2. சிலிண்டர் மாற்றிய தேதியையும் பெட்ரோல் அளவையும் எழுதிவருக.

3. வாங்கிய ஒவ்வொரு புதிய பொருளுக்கும் எதிரே ‘தேவை’ அல்லது ‘விருப்பம்’ என்று குறிக்க.

4. மாத இறுதியில், குடும்பத்தார் கூடி, அடுத்த மாதம் விடக்கூடிய ஒன்றை மட்டும் முடிவு செய்க.