வாசலில் லத்தி குவியட்டும்!

கேள்வி: பரீட்சைக்குப் போகிறவரை ஸ்பானிஷ் மொழியில் எப்படி வாழ்த்துவார்கள்?

பதில்: ‘புவேனா சுவெர்த்தே’ என்பார்கள். ‘நல்ல அதிர்ஷ்டம்’ என்று பொருள். அவசரத்துக்கு வெறும் ‘சுவெர்த்தே!’ போதும். ஆனால் ஸ்பெயினில் மேடையேறப்போகும் நடிகரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அபசகுனம் என்று முகம் சுளிப்பார். அவருக்கான வாழ்த்து ‘முச்சா மியெர்தா’. நாசூக்காகச் சொன்னால், ‘நிறையச் சாணம்’. (அசல் சொல் இதைவிடக் கொச்சையானது.) குதிரை வண்டிக் காலத்தில் கொட்டகை வாசலில் லத்தி குவிந்து கிடந்தால் உள்ளே நல்ல கூட்டம் என்று அர்த்தமாம்; அதிலிருந்து வந்தது என்கிறார்கள். காளைச் சண்டை வீரர்களோ களமிறங்கும் முன், ‘கடவுள் அதிர்ஷ்டத்தைப் பங்கிட்டுத் தரட்டும்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பங்கில் காளைக்கும் ஏதாவது உண்டா என்று தெரியவில்லை!