எட்டுக் கம்பியும் ஒரே வரிசையும்
கடை நெட் கேபிளுக்கு நாமே கனெக்டர் போடும் முறை



2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பேரேடு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. பில், சரக்கு இருப்பு, கேமரா எல்லாம் இன்று ஒரு கேபிளை நம்பி நிற்கின்றன. அந்தக் கேபிளின் இரு நுனியிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கட்டைதான் கனெக்டர். ஆர்.ஜே. 45 என்று கேட்டால் கடையில் தருவார்கள். அதைச் சரியாகப் போடும் முறையே இக்கட்டுரை.

நாங்கள் பட்ட பாடு

திருநாவலூரில் எங்கள் மொத்தக் கடை முன்புறமும் கிடங்கு பின்புறமுமாக உள்ளன. இடையில் சுமார் 60 மீட்டர் கேபிள். ஒரு தீபாவளிக்கு முன் எலி கடித்துவிட்டதால் புதுக் கேபிள் இழுத்தோம். வந்த வேலையாள் கனெக்டர் போட்டு, டெஸ்டரைச் செருகிக் காட்டினார். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. கூலியைக் கொடுத்து அனுப்பினோம்.

அன்று மாலையே தொல்லை ஆரம்பித்தது. தொடர்பு வரும், போகும். கிடங்கிலிருந்து நேரே வண்டியேறிய எண்ணெய் டின்கள் கணக்கில் கழியவில்லை. கடைத் திரையில் சரக்கு இருப்பதாகவே காட்டியது. அதை நம்பி, பக்கத்துக் கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவருக்கு 40 டின் உண்டு என்று போனில் வாக்குக் கொடுத்தோம். வாடகை வண்டியோடு வந்தவர் வெறும் வண்டியோடு திரும்பினார். “இல்லைன்னு சொல்லியிருந்தா வேற எடம் பாத்திருப்பேனே முதலாளி” என்றார். வண்டி வாடகையை நாங்கள் கொடுத்துவிட்டோம். போன வாக்கை எதைக் கொடுத்து மீட்பது?

பிழை எங்கே?

பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் வந்து கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து நிறங்களைப் படித்தார். இரு முனையிலும் ஒரே வரிசைதான். ஆனால் அந்த வரிசையே தவறு.

கேபிளுக்குள் இருப்பவை எட்டுக் கம்பிகள்; இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல், முறுக்கின் காரணமாக ஜோடியின் இரு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுகிறது. மறுமுனைக் கருவி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகிறது. தொலைபேசிக் கம்பிக்காக கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்ற உபாயம் இது.

கனெக்டரில் 1, 2 ஒரு ஜோடி. 3, 6 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. 7, 8 ஒரு ஜோடி. வந்தவரோ 3, 4 ஒரு ஜோடி, 5, 6 ஒரு ஜோடி என்று அடுக்கிவிட்டார். ஆகவே சேர்ந்து வேலை செய்ய வேண்டிய 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்கில் போய்விட்டன. இரண்டு மீட்டர் கேபிளில் இந்தப் பிழை தெரியாமலே போகலாம். நீளம் கூடக்கூட வெளிப்பட்டுவிடும். சாதாரண டெஸ்டர், கம்பி அறுபடாமல் எண்ணுக்கு எண் போய்ச் சேர்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வெறும் தட்டில் முள் நேரே நின்றுவிட்டால் தராசு சரி என்று ஆகிவிடுமா? படிக்கல்லை வைத்தல்லவா பார்க்க வேண்டும்!

செய்முறை

தேவையானவை: கிரிம்பிங் டூல், கனெக்டர்கள், டெஸ்டர்.

1. மேல் உறையைச் சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு உரிக்கவும். உள்ளே இருக்கும் கம்பிகளில் கீறல் விழக்கூடாது.

2. ஜோடிகளைப் பிரித்து, நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக இப்படி அடுக்கவும்: (1) வெள்ளை-ஆரஞ்சு, (2) ஆரஞ்சு, (3) வெள்ளை-பச்சை, (4) நீலம், (5) வெள்ளை-நீலம், (6) பச்சை, (7) வெள்ளை-பழுப்பு, (8) பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி உட்காருவதைக் கவனிக்கவும். எங்கள் கேபிளில் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

3. உறைக்கு வெளியே சுமார் 13 மி.மீ. மட்டும் இருக்கும்படி, எட்டையும் ஒரே வெட்டில் சமமாக நறுக்கவும். அதற்கு மேல் முறுக்கு பிரிந்திருந்தால் இரைச்சலுக்கு வழி விட்டதாகும்.

4. கனெக்டரின் கொக்கி நமக்கு மறுபுறமும், கேபிள் நுழையும் வாய் கீழேயும் இருக்கும்படி பிடிக்கவும். இப்போது இடது ஓரமே 1. கம்பிகளின் நிறப்பூச்சை உரிக்காமல் அப்படியே செருகவும்.

5. எட்டு நுனியும் கனெக்டரின் முன் சுவரைத் தொட வேண்டும். மேல் உறையும் கனெக்டருக்குள் நுழைந்திருக்க வேண்டும். உறை வெளியே நின்றால், இழுபடும் பாரமெல்லாம் மெல்லிய கம்பிகள் மேல் விழும்.

6. டூலில் வைத்து அழுத்தமாக ஒருமுறை அமுக்கவும். பிழையானால் அந்தக் கனெக்டர் மறுபடி உதவாது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடவும்.

7. மறுமுனையிலும் இதே வரிசை. டெஸ்டரில் பார்க்குமுன் நிறங்களை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கவும்.

கவனிக்க வேண்டியவை

சரக்கில் கலப்படம் போலக் கேபிளிலும் உண்டு. செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவு. ஆனால் எளிதில் ஒடியும். கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். முழுச் செம்பே நல்லது.

ஒரே இழுப்பில் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டக்கூடாது. கிடங்கில் எலி இல்லாமல் இராது. ஆகவே குழாய்க்குள் விட்டு இழுக்கவும். வெயிலில் போகும் கேபிள் அதற்கென்றே செய்ததாக இருக்கட்டும்.

எங்கள் கேபிளில் இரு முனையையும் வெட்டி, மேலே சொன்னபடி போட அரை மணி நேரம்தான் ஆனது. அதன்பின் தொடர்பு அறுந்ததில்லை. இன்று கடைப் பையன்கள் இருவர் இவ்வேலையைக் கற்றிருக்கிறார்கள்.

சுந்தரர் பிறந்த ஊர் எங்கள் ஊர். அவர் வழக்கு திருவெண்ணெய்நல்லூரில் மூல ஓலையை ஒத்துப் பார்த்த பிறகே தீர்ந்தது என்பது நாம் அறிந்த கதை. கேபிளுக்கும் அதே நியாயம்தான். விளக்கு எரிந்ததே என்று விட்டுவிடாமல், நிற வரிசையோடு ஒத்துப் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள். வாக்குத் தவறாமல் வியாபாரம் நடக்கும்.