அமைவுக் கோப்புகளைத் தேடலும் படியெடுத்தலும்

ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் பாடத்தோடு ஏட்டெண்ணையும் குறித்துக்கொள்வர். எண்ணை விட்டுவிட்டால், ஏடுகள் கலைந்தபின் எது முன், எது பின் என்று அறிய வழியில்லை. கணிப்பொறியின் அமைவுக் கோப்புகளைப் படியெடுப்போர்க்கும் அந்தக் கவனம் வேண்டும் என்பதை நான் என் பிழையால் கற்றேன்.

ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்கவேண்டும் என நாம் எழுதிவைக்கும் குறிப்பே அமைவுக் கோப்பு. லினக்ஸ் கணிப்பொறியில் இவை பெரும்பாலும் 'ஈடிசி' என்னும் அடைவில் எளிய உரையாக இருக்கும். மென்பொருளை மீண்டும் நிறுவுதல் எளிது. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகத் திருத்திய குறிப்புகளை நினைவிலிருந்து எழுதுதல் அரிது.

துறை நூலகத்தின் நூற்பட்டியலைத் தாங்கிய டெபியன் லினக்ஸ் கணிப்பொறி ஒன்றை நான் பேணிவந்தேன். கட்டளை வரியில் 'ஃபைண்ட்' என்னும் கட்டளையை எழுதி, 'கான்ஃப்', 'ஐஎன்ஐ' என்று பெயர் முடியும் கோப்புகளைத் தேடச் செய்தேன். கிடைத்த ஒவ்வொன்றையும் 'சிபி' கட்டளை ஒரே அடைவில் கொண்டுபோய் வைத்தது. கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். வட்டு பழுதுற்ற நாளில்தான் உண்மை தெரிந்தது.

வட்டுப் பகுதிகளை இணைக்கும் 'எஃப்எஸ்டேப்', தொலைவிலிருந்து நுழைவதை ஆளும் 'எஸ்எஸ்எச்டி கன்ஃபிக்', 'ஹோஸ்ட்ஸ்' ஆகிய எவையும் படியில் இல்லை. பெயரின் ஈறு வழக்கமே அன்றி விதியன்று. இவை அந்த ஈறுகளில் முடிவதில்லை. அதனினும் கொடிது மற்றொன்று. பிஎச்பி மொழிக்கு 'பிஎச்பி.ஐஎன்ஐ' என்னும் ஒரே பெயரில் இரு கோப்புகள் உண்டு: ஒன்று அப்பாச்சி வழங்கிக்கு, மற்றொன்று கட்டளை வரிக்கு. ஒரே அடைவில் சேர்ந்தபோது பின்னது முன்னதை ஓசையின்றி அழித்துவிட்டது. எஞ்சியது எனக்கு வேண்டாதது. நூற்பட்டியல் மீண்டும் இயங்க எட்டு நாள் ஆயிற்று. அதுவரை மாணவர்கள் அடுக்கடுக்காகத் தேடினர்.

இதற்கு மருந்து சிறிது. லினக்ஸில் வழங்கும் 'சிபி' கட்டளையோடு இரு சிறுகோடும் 'பேரன்ட்ஸ்' என்னும் சொல்லும் சேர்த்தால், கோப்பு தன் முழுப் பாதையோடு படியாகும். சிறுகோடும் 'பி' எழுத்தும் சேர்த்தால் நேரமும் அனுமதியும் மாறா. உரிமையாளர் பெயரும் மாறாதிருக்க, தலைமைப் பயனராக நின்று இதனைச் செய்யவேண்டும்.

எனினும், 'ஈடிசி' அடைவு பெரும்பாலும் சில மெகாபைட்டுக்கு மேற்படாது. பொறுக்குவதைவிட முழுவதையும் எடுப்பதே அறிவுடைமை. அதற்கு உரியது 'டார்'. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த இக்கட்டளை, நாடாவில் சேமிப்பதற்கென்று பிறந்தது. நாடா அருகியும் அது அருகவில்லை. பின் 'ஃபைண்ட்' எதற்கு எனலாம். கடந்த ஏழு நாளில் எவை மாறின என்று காண, 'எம்டைம்' என்னும் குறிப்போடு அதுவே உதவும். இல்ல அடைவில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும் அது காட்டும். நட்சத்திரக் குறியிட்டுப் படியெடுப்போர் அவற்றைத் தவறவிடுவது வழக்கம்.

'ஈடிசி'யில் 'ஷேடோ' என்னும் கோப்பில் கடவுச்சொற்களின் மறைவடிவம் இருத்தலால், படியை வேறு வட்டில், பிறர் படிக்க இயலாதபடி வைத்தல் வேண்டும். வைத்தபின் ஒருமுறை வெற்று அடைவில் விரித்து, 'டிஃப்' கட்டளையால் மூலத்தோடு ஒப்பிடுங்கள். நான் அன்று செய்யாது விட்டது அதுவே.